வெர்ன் டக்கெட்டின் கலங்கள்

கட்டையைக் கடைசல் இயந்திரத்தில் பூட்டுவதற்கு முன்னால் வெர்ன் டக்கெட் அதன்மேல் ஒரு காதை அழுத்தி வைத்துக்கொண்டு, மறுபுறம் விரல் முட்டியால் தட்டுவார். உள்ளே வெடிப்பு இருந்தால் சத்தம் பிசிறும். "இவன் பொய் சொல்றான்" என்று அதை அடுப்பு மூலைக்கு எறிவார். நல்ல கட்டையானால் ஒன்றும் சொல்லமாட்டார். மூக்கை ஒருமுறை தேய்த்துக்கொண்டு உளியை எடுப்பார்.

எழுபத்தொரு வயது. மனைவி போய்ப் பத்து வருடமாகிறது. கிங் தீவின் மேற்குக் கரையில் காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கும் தகரக் கொட்டகைதான் அவருடைய பட்டறை. புருவத்தில் எந்நேரமும் மரத்தூள் இருக்கும். கடைக்குப் போனால் ரொட்டி வாங்குகிற கையிலிருந்துகூட மரவாசனை வரும்.

அவர் கடைவதெல்லாம் கலங்கள். ஆனால் சூப்பு ஊற்றவோ பழம் வைக்கவோ உதவாதவை. ஒன்று முள்ளுதிர்ந்த கடல்முள்ளெலியின் கூடு போலிருக்கும். இன்னொன்று பாறையோடு பிய்ந்து வந்த கடற்பாசியின் வேர்ப்பிடி. மற்றொன்று ஏதோ கடற்பறவை இட்டுவிட்டு மறந்துபோன முட்டை. சன்னலுக்கு நேராகப் பிடித்தால் சுவரினூடே வெளிச்சம் தேன் நிறத்தில் கசியும், அவ்வளவு மெல்லியது. எதற்கும் தட்டையான அடி கிடையாது. மேசையில் வைத்தால் ஆடி ஆடி ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரும்.

"நிக்க மாட்டேங்குதே?" என்பார்கள் விமானத்தில் வந்து இறங்கும் சுற்றுலாக்காரர்கள்.

"கடல்ல இருந்து வந்தது எதுங்க நேரா நிக்குது? என்னையே பாருங்க" என்று இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்து காட்டுவார்.

சாயங்காலம் வானொலியில் கடல் வானிலை சொல்லும் நேரத்துக்கு இயந்திரத்தை நிறுத்திவிடுவார், கலம் பாதியில் இருந்தாலும் சரி. காற்று எந்தப் பக்கம், அலை எத்தனை மீட்டர் என்று கேட்டு முடித்துத் தலையை ஆட்டிவிட்டுத்தான் மறுபடி தொடங்குவார். அவருக்குப் படகு கிடையாது. படகு வைத்திருந்தவன் அவருடைய ஒரே மகன் லாக்கி. அவனுக்காக வந்த பழக்கம், அவன் போன பிறகும் விடவில்லை. அந்த நேரத்தில் அங்கே போக நேர்ந்தால் ஊர்க்காரர்கள் நாங்கள் வாசலிலேயே நின்றுகொள்வோம்.

சிங்கி இறால் பிடிக்கப் போட்ட கூடுகளைத் தூக்கப் போன லாக்கியின் படகு, போன மே மாதம் தெற்கு முனைக்கு அப்பால் கவிழ்ந்து கிடந்தது. பதினொரு நாள் தேடினார்கள். ஒரு காலணி கிடைத்தது, அதுவும் அவனுடையதல்ல. இறந்துவிட்டான் என்று எழுதிய அரசாங்கக் காகிதம் இந்த மார்ச்சில்தான் வந்தது. அன்றைக்கே மருமகள் பிரைடி பட்டறைக்கு வந்தாள்.

"புதைக்க எனக்கு ஒண்ணுமில்ல வெர்ன். நீங்க ஒண்ணு செஞ்சு குடுங்க. லாக்கிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கேன். அதுல போட்டுக் கடல்ல விட்டுடலாம்."

வேலைப் பலகைக்கு அடியில் வெர்ன் பதினான்கு வருடமாக ஒரு ஹுவான் பைன் கட்டை வைத்திருந்தார். எப்போதோ கரை ஒதுங்கியது. எண்ணெய் ஊறிய மரம், தண்ணீரில் எத்தனை காலம் கிடந்தாலும் மக்காது. மூன்று வாரம் அதிலேயே கிடந்தார். கடல்முள்ளெலியின் கூடுதான், ஒவ்வொரு புள்ளி வரிசையும் தெரியும்படி. மேலே கடிதம் நுழையும் அளவுக்கு ஒரு வாய். மூடி செய்யவில்லை. "கதவைச் சாத்தினா அவனுக்குத் தூக்கம் வராது" என்றார்.

கரையில் ஒதுங்கும் கடற்பாசியை லாரியில் அள்ளிப் பிழைக்கும் நோயலீன்தான் அதைப் பார்த்ததும் சொன்னாள்.

"கிழவா, இது மிதக்குமே. உள்ள கொஞ்சம் ஈயத்தைப் போடு."

"என் மகன் கால்ல ஈயத்தைக் கட்டச் சொல்றியா?"



ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு படகுகளில் போனோம். பிரைடி குனிந்து கலத்தைத் தண்ணீரில் வைத்தாள். அது ஒருமுறை சுழன்று, சாய்ந்து, அலை மேட்டில் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெர்ன் மட்டும் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தொன்பது நாள் கழித்து, பெரிய காற்றடித்து ஓய்ந்த காலையில், பாசிக் குவியலுக்குள் நோயலீனின் கையில் அது தட்டுப்பட்டது. லாரியில் வைத்துக்கொண்டு வெர்னின் வாசலை இரண்டு முறை கடந்து போனாள். பிறகு வண்டியைத் திருப்பி உள்ளே விட்டாள்.

"திரும்பத் தூக்கிக் கடல்லயே போட்டுடலாம்னுதான் நினைச்சேன். கை வரல வெர்ன்."

அவர் இயந்திரத்தை நிறுத்தினார். கலத்தை இரண்டு கையாலும் வாங்கினார். நிறம் வெளுத்திருந்தது. எங்கும் கீறல்கூட இல்லை. வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினார்.

"கடிதம்?"

"இல்ல. நான் எடுத்தப்பவே இல்ல."

"பிரைடிகிட்ட சொன்னியா?"

"சொல்லல."

"சொல்லாத."

அவள் தலையாட்டினாள். அவர் சன்னல் பக்கம் திரும்பி நின்றார். வெளியே கடல் வெயிலில் அசையாமல் கிடப்பதுபோல் தெரிந்தது.

"இதைத் திருப்பிக் குடுக்கத் தெரிஞ்சுது பாரு அதுக்கு" என்றார். குரல் உயரவில்லை. உதடு மட்டும் கோணிக்கொண்டது. "இதை."

நோயலீன் தேநீர்க் கெண்டியை எடுத்து வைத்தாள், பிறகு அடுப்பு மூட்ட மறந்து நின்றாள்.

அவர் கலத்தைப் பலகைமேல் கவிழ்த்து மெல்லத் தட்டினார். கொஞ்சம் ஈர மணல் விழுந்தது. அவள் வழக்கம்போல் சட்டைக் கையால் பலகையைத் துடைக்கப் போனாள். வெர்ன் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். உள்ளங்கை ஓரத்தால் மணலை ஒரு பொட்டு விடாமல் கூட்டி அள்ளி, சட்டைப் பையில் போட்டு, பொத்தானை மாட்டிக்கொண்டார்.