காலியாக இருந்த எண்

நம்ப முடியாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இது நடந்தது. 1997-இல், கோவை பீளமேட்டில் ஒரு நூற்பு மில்லின் கம்ப்யூட்டர் அறையில், பட்டப்பகலில் நடந்தது. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று சொன்னவன் மில்லில் வேலை பார்த்தவனாக இருக்க மாட்டான்.

கதிரேசனுக்கு அங்கே புரோகிராமர் வேலை. கெட்டிக்காரன்தான், ஆனால் நோகாமல் நுங்கு தின்னப் பார்ப்பவன். டேட்டாபேஸிடம் விவரம் கேட்கத் தினமும் ஒரே குவெரியைப் பத்து வரி அடிக்க அவனுக்குச் சலிப்பு. அதனால் எழுதுகிற எடிட்டரையே தனக்கு ஏற்றபடி பழக்கினான். அதன் செட்டிங்ஸ் ஃபைலில் சுருக்கங்களைப் போட்டுவைத்தான். இரண்டு எழுத்து தட்டினால் போதும், முழுக் குவெரியும் தானாக வந்து நிற்கும். புதுத் தொழிலாளியைச் சேர்க்கவும் ஒரு சுருக்கம் இருந்தது. வரிசையில் எந்த எண் காலியோ, அதை எடுத்து அந்த ஆளுக்குக் கொடுத்துவிடும்.

அப்படி முதலில் சேர்ந்தது அவன் தங்கை அன்புச்செல்வி. பெற்றவர்கள் போன பிறகு அவனுக்கு மிச்சமிருந்த ஒரே உறவு. நூலைக் கோனில் சுற்றும் வைண்டிங் பிரிவில் வேலை. எண் 212 விழுந்தது. திங்கட்கிழமை காலை ஏழு மணி ஷிப்டுக்கு வருகை அட்டையை மெஷினில் தேய்த்துவிட்டு, "போயிட்டு வாரேனுங்ண்ணா" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

மதியம் ஒரு மணி. வருகைக் குவெரிக்காகக் கதிரேசன் இரண்டு எழுத்து தட்டினான். குவெரி வந்தது. கடைசியில், அவன் போடாத ஒரு வரியும் வந்தது. எண் 212 மட்டும்...

செட்டிங்ஸ் ஃபைலைத் திறந்து பார்த்தான். அந்த வரி அங்கே இல்லை. மறுபடி தட்டினான். மறுபடியும் 212. சரி, என்னதான் காட்டுகிறது பார்ப்போம் என்று ஓட்டினான்.

அட்டை மெஷின் வைத்து எட்டு மாதம். எட்டு மாதமும் 212 உள்ளே வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, பொங்கல், மில் பூட்டிக் கிடந்த நாள்... எல்லா நாளும். வெளியே போனதாக ஒரு வரிகூட இல்லை.

டைம் ஆபீஸ் நஞ்சப்பனைக் கூப்பிட்டான். வருகைக் கணக்கிலேயே தலை நரைத்தவர். திரையைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"இந்த நம்பரை யாருக்குங்க குடுத்தீங்க?"

"எந் தங்கச்சிக்குங்க. காலியா இருந்துச்சு."

"காலி இல்லீங்க, உட்டு வெச்சிருக்கறோம். மில்லுக்குள்ளயே செத்தவன் நம்பரை இங்க ஆருக்கும் தர மாட்டோமுங்க. சென்னியப்பன்னு ஒருத்தன். பதினோரு வருசமாச்சு."

மில் முழுக்கத் தெரிந்த வழக்கம். கம்ப்யூட்டருக்கு மட்டும் எவனும் சொல்லவில்லை.

"மாத்திப்போடுங்க. சீக்கிரம்."

318 என்று அடித்தான். திரையில் 212 விழுந்தது.

அழித்தான். விரலைப் பார்த்துப் பார்த்து அடித்தான். 3... 1... 8...

212.

சுருக்கங்களை எல்லாம் எடுத்தான். செட்டிங்ஸ் ஃபைலையே அழித்தான். எடிட்டரை மூடிவிட்டு நேராக டேட்டாபேஸில் அடித்தான்.

212.

"நான் பார்க்கத்தானுங்களே மூணு ஒண்ணு எட்டுன்னு அடிச்சீங்க..." என்றார் நஞ்சப்பன்.

கதிரேசன் வைண்டிங்குக்கு ஓடினான். தங்கையின் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை. இப்போதுவரை இங்கேதான் நின்றிருந்தாள் என்றார்கள். கத்திக் கூப்பிட்டான். மெஷின் இரைச்சலில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

மூன்றரைக்குச் சங்கு ஊதியது. கேட்டில் போய் நின்றான்.

வந்தாள்... அவளேதான். போன உயிர் திரும்பியது அவனுக்கு. ஒன்றும் கேட்காமல் பைக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பினான்.

காந்திபுரம் வந்தது. பின்னாலிருந்து அவள் குரல்.

"இங்கயே நிறுத்துங்க தம்பி."

தம்பியா...?

"பெருந்துறை பஸ்ஸு இங்கதானுங்க வரும். பாவாத்தா சோறாக்கி வெச்சிருப்பா."

இறங்கினாள். நடந்தாள். அவன் ஓடிப்போய்க் கையைப் பிடித்தான். முன்பின் தெரியாதவனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். பஸ் ஏறினாள்.

அவன் ஏறுவதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

அப்படியானால் தங்கை எங்கே? பைக்கைத் திருப்பிக்கொண்டு மில்லுக்கு விரைந்தான். திரையில் இரண்டே வரி.

சென்னியப்பன், வெளியே.

அன்புச்செல்வி, உள்ளே.

இரண்டு நாள் மில் முழுக்கத் தேடினார்கள். பஞ்சு குடோனைக்கூடப் புரட்டினார்கள். யாரும் இல்லை.

மூன்றாம் நாள் பெருந்துறையில் விசாரித்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தான். உள்ளே தங்கையின் உருவம் சம்மணமிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நிமிரவே இல்லை. கதவோரம் ஒரு அம்மாள் நின்றிருந்தாள். சென்னியப்பனின் மனைவி, பாவாத்தாள். அவன் கேட்பதற்கு முன்பே தணிந்த குரலில் பேசினாள்.

"வேற ஒருத்தரு உள்ள போனாத்தான் நான் வெளிய வர முடியும்னு கனவுல வந்து சொன்னாருங்க. அந்த நம்பரை ஆருக்காச்சும் குடுத்துறோணும்னு, இத்தனை வருசமா நான் வேண்டாத சாமி இல்லீங்க."

கதிரேசன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

பாவாத்தாள் இன்னொரு தட்டை எடுத்து வைத்தாள்.

"அழுகாதீங்க கண்ணு. உக்காந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க."