விளையாடாமல் எழுதிய ஒரு வரி

சென்ற வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கதவு மணி அடித்தது. போய்த் திறந்தால் — நிரோஷா.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒன்றரை வருடமாக என்னோடு ஒரு வார்த்தை பேசாத பிள்ளை. வெள்ளவத்தை மார்க்கெட்டில் என்னைக் கண்டால் மீனும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று மறுபக்கத்தால் போய்விடுகிற பிள்ளை. அவள் என் வாசலில் நிற்கிறாள், கையில் ஒரு சீடியோடு.

"அக்கா, திரும்ப வந்திட்டம்," என்றாள். "புதுக் கேம்."

தேங்காய்ப்பூ அப்பிய கையோடு நான் நின்ற கோலத்தைப் பார்த்துவிட்டு, அவளே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

யார் இந்த நிரோஷா? என்னோடு என்ன கோபம்? சொல்கிறேன். சொன்ன பிறகு உங்களில் சிலர் இந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டு நேரே ராசிபலனுக்குப் போகக்கூடும். போங்கள், நியாயம்தான்.

எங்கள் பிளாட்டின் அடித்தளத்தில் ஒரு கராஜ் உண்டு. கார்க்காரர் கனடா போய்விட்டார். வெறுமையாகக் கிடந்த கராஜை இரண்டு பேர் வாடகைக்கு எடுத்தார்கள். ஒருத்தி நிரோஷா, கொட்டாஞ்சேனைப் பிள்ளை, புரோகிராம் எழுதுகிறவள். மற்றவன் ரிஸ்வான், கொம்பனித்தெருவிலிருந்து வருகிறவன், படம் வரைகிறவன். மூன்று கொம்பியூட்டர், ஒரு மேசை விசிறி, கதவில் 'உப்புக்காற்று கேம்ஸ்' என்று கையால் எழுதிய பலகை. கடற்காற்று பட்டு மாதம் ஒரு கொம்பியூட்டராவது துருப்பிடித்துப் படுத்துவிடும், அதுதான் அந்தப் பெயர் என்றார்கள்.

கொம்பியூட்டர் கேம் செய்கிற கம்பெனியாம். எங்கே? கொழும்பு வெள்ளவத்தையில். எப்போது? ரோட்டில் இறங்குவதற்கு முன் அடையாள அட்டை இருக்கிறதா, இன்ன விலாசத்தில் இருக்கிறோம் என்ற பொலிஸ் பதிவுத் துண்டு இருக்கிறதா என்று ஒன்றுக்கு மூன்று தரம் கைப்பையைத் தடவிப் பார்க்கிற இந்த யுத்தக் காலத்தில். இவர்களுக்கு மண்டை கழன்றுவிட்டதா என்றுதான் நான் முதலில் நினைத்தேன்.

எரிச்சலும் இருந்தது. பகல் முழுக்க டொய்ங், டொய்ங் என்று ஒரு சத்தம். ஒரு நாள் பொறுக்க முடியாமல் சண்டைக்கு இறங்கிப் போனேன். சண்டைக்குப் போனவளைப் பிளேன் டீ கொடுத்து உட்காரவைத்து, கேமைக் காட்டிவிட்டார்கள்.

நிரோஷாவின் அம்மா சரோஜா தினமும் கொட்டாஞ்சேனையில் சமைத்து, தெரிந்த ஓட்டோக்காரர் ஒருவரிடம் மகளுக்குச் சோற்றுப் பார்சல் கொடுத்தனுப்புவார். வழி நெடுகச் சோதனைச் சாவடி. ஒவ்வொரு இடத்திலும் பார்சலைப் பிரி, காட்டு, மூடு. வெள்ளவத்தைக்கு வந்து சேரும்போது சோறு ஆறி, பருப்பு பேப்பரோடு ஒட்டிப் போயிருக்கும். நீங்களும் நானும் என்றால் மூக்கால் அழுவோம். அவள் அதைக் கேம் ஆக்கிவிட்டாள்.

'கெதியா வா', அதாவது சீக்கிரம் வா, என்று பெயர். நீங்கள்தான் ஓட்டோக்காரர். சூடு ஆறுவதற்குள் பார்சலைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். திரையின் மூலையில் பார்சல், அதிலிருந்து ஆவி பறக்கும். சாவடியில் அட்டை காட்டினால் பத்து விநாடி போகும், ஆவி குறையும். பதிவுத் துண்டை மறந்து வந்திருந்தால் திரும்பக் கொட்டாஞ்சேனைக்கே போக வேண்டும். நம் தினசரிப் பாடுதான். ஆனால் திரையில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, வாய்விட்டுச் சிரித்தேன்.

சீடியைக் கராஜிலேயே பதிந்து, அட்டையைப் போட்டோகொப்பி அடித்து, பக்கத்து சீடிக் கடையில் வைத்தார்கள். ஒரு மாதத்தில் வெள்ளவத்தை டியூஷன் பிள்ளைகள் வாயில் வேறு கதையே இல்லை. டொரொன்டோவிலிருந்து வந்த உறவினர்கள் மிளகாய்த்தூள் பாக்கெட்டோடு சேர்த்து அந்த சீடியையும் சூட்கேஸில் அடுக்கினார்கள். ரிஸ்வான் புதுச் சப்பாத்து வாங்கினான். நிரோஷா நாலாவது கொம்பியூட்டருக்கு இடம் பார்த்தாள்.

நான் சும்மா இருப்பேனா? நம் வீட்டுக்குக் கீழேயே இப்படி ஒரு சாதனை! எழுதினேன். இதே பத்தியில். பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். நிறைய எழுதினேன், அதில் ஒரு வரி இது: 'கொழும்பின் சோதனைச் சாவடிகள் ஒன்றுவிடாமல் அச்சு அசலாக இந்தக் கேமில் இருக்கின்றன.'

ஞாயிற்றுக்கிழமை பத்தி வந்தது. நாலு பேர் டெலிபோன் எடுத்துப் பாராட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

புதன்கிழமை காலை மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வருகிறேன்... கராஜ் கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. உள்ளே யாருமில்லை. மேசையில் கொம்பியூட்டர்களும் இல்லை. மேசை விசிறி மட்டும் யாருக்கோ காற்று வீசிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. எதிர்க் கடைக்காரர் ஓடி வந்து, ஜீப் வந்ததென்றும் இரண்டு பேரையும் ஏற்றிப் போய்விட்டார்களென்றும் காதோடு காதாகச் சொன்னார். கையிலிருந்த மீன் பை நழுவி விழுந்ததே எனக்குத் தெரியாது.

அரை மணித்தியாலத்தில் சரோஜா அம்மா வந்துவிட்டார். தலவாக்கலையில் பிறந்து கொட்டாஞ்சேனைக்கு மருமகளாக வந்த மனுஷி. அழக்கூட இல்லை, முகம் வெளிறிப்போயிருந்தது.

"மிஸ், புள்ளைய கூட்டிட்டுப் போயிட்டாங்க," என்றார். "நீங்க பேப்பர்ல எழுதுறவங்க. நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா கேப்பாங்க மிஸ்."

ஒரு பிள்ளையை ஏற்றிக்கொண்டு போனால் என்னென்ன நடக்கலாம் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எழுதக்கூடியதைத்தானே இங்கே எழுத முடியும்? இரண்டு பேரும் ஓட்டோ பிடித்துப் போனோம்.

பொலிஸில் இரண்டு மணித்தியாலம் மர வாங்கில் இருத்திவைத்த பிறகு இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். நாற்பது வயது இருக்கும், அமைதியான மனிதர். அவர் மேசையில் நிரோஷாவின் கொம்பியூட்டர். பக்கத்தில் ஒரு ஃபைல். ஃபைலைத் திறந்து என் பக்கம் திருப்பினார்.

உள்ளே என் பத்தி.

கத்தரித்து ஒட்டியிருந்தது. பக்கத்தில் சிங்களத்தில் முழு மொழிபெயர்ப்பு, அழகான கையெழுத்தில். அந்த ஒரு வரிக்குக் கீழே சிவப்புக் கோடு, இரண்டு தரம். சாவடிகள் எங்கெங்கே என்று யாருக்கோ வரைபடம் போட்டுக் கொடுக்கிறார்கள் என்று சந்தேகம். மேலே சிரித்தபடி என் படம்.

"மேக ஒயாத லிவ்வே?" என்று கேட்டார். இதை எழுதினது நீங்களா?

கடவுளே. யார் காட்டிக்கொடுத்தார்கள், எந்தப் பாவி மூட்டிவிட்டான் என்று வழி நெடுக நான் மனதுக்குள் திட்டிக்கொண்டு வந்த ஆள் நானேதான். ஓம் என்று தலையாட்டினேன். பக்கத்தில் இருந்த சரோஜா அம்மா என் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

இன்ஸ்பெக்டர் தமிழிலும் கதைத்தார், கொஞ்சம் உடைந்த தமிழ். "மிஸ், நான் கடைல சீடி வாங்கி இந்த கேம் கடைசி வரைக்கும் வெளையாடின. ரெண்டு நாள் போச்சு. ஒரு செக்பொயின்டும் சரியான எடத்துல இல்ல. கடல் கூட பிழை, மூத அனித் பெத்தே. ஆனா பேப்பர்ல மிஸ் எழுதியிருக்கு, எல்லாம் அச்சு அசல் எண்டு. இப்ப நான் எத நம்புற? கேம் பொய்யா, பேப்பர் பொய்யா?"

கடல் மற்றப் பக்கமா? எனக்கு அது செய்தி. கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வரும்போது கடல் வலது கைப் பக்கம் என்பது இங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். கேமில் இடது பக்கமாம். ஒரு மூலையில் நின்றிருந்த ரிஸ்வானைக் கூப்பிட்டுக் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"வலது பக்கம் பொயின்ட்ஸ் பெட்டி வெச்சிக்கிறன் சேர். கடலுக்கு எடமில்ல, அதான் இடது பக்கம் போட்டுட்டன்," என்றான் அவன். "செக்பொயின்ட் எல்லாம் ரோட்டு வெறுமையா ஈந்த எடத்துல சும்மா வெச்சது."

சும்மா வைத்தது! அதைத்தான் நான் அச்சு அசல் என்று எழுதியிருக்கிறேன்.

இப்போது உண்மையைச் சொல்லவேண்டிய இடம். வாசகர்களே, நான் அந்தக் கேமை விளையாடவில்லை. முதல் கட்டத்தில் மூன்று தரம் மீன் வண்டியில் மோதி, அலுத்துப்போய் எழுந்து வந்தவள் நான். கடல் வருவது இரண்டாவது கட்டத்தில். பாராட்டி எழுதுகிறோமே, கொஞ்சம் கூட்டிச் சொன்னால்தானே நன்றாக இருக்கும் என்று அந்த வரியைக் கையாரப் போட்டுவிட்டேன்.

"பேப்பர்தான் சேர் பொய்," என்றேன்.

அவர் நம்பவில்லை. கொம்பியூட்டரை என் பக்கம் திருப்பி, விளையாடச் சொன்னார். இந்த வயதில், பொலிஸில் உட்கார்ந்து, இரண்டு கான்ஸ்டபிள்கள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்க, நான் ஓட்டோ ஓட்டினேன். முதல் தரம் மீன் வண்டி. இரண்டாம் தரமும் மீன் வண்டி. மூன்றாம் தரம் மதில். ஒரு கான்ஸ்டபிள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இன்ஸ்பெக்டர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். விளையாடிப் பார்க்காமல் எழுதினேன், நான் எழுதியது உண்மையில்லை என்று என் கைப்படவே எழுதிக் கையெழுத்து வைக்கச் சொன்னார். வைத்தேன். இருபது வருடமாக எழுதுகிறேன், என் எழுத்தால் ஒருவருக்கு விடுதலை கிடைத்தது அந்த ஒரு தாளில்தான். பின்னேரம் நாலு மணிக்கு இரண்டு பேரையும் விட்டார்கள்.

வாசலில் வைத்து நிரோஷா என்னைக் கேட்டாள். "உண்மையாவே விளையாடேல்லயா அக்கா?"

"முதல் லெவல் மட்டும்தான் பிள்ளை..."

அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு நடந்ததெல்லாம் நீங்கள் ஊகிக்கக்கூடியதுதான். கொம்பியூட்டர்கள் திரும்பி வரவில்லை. கராஜை விடச் சொல்லிவிட்டார்கள். சீடிக் கடைக்காரர் மிஞ்சியிருந்ததை ஒரு பெட்டியில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வீட்டில் அந்த சீடி வைத்திருந்தவர்கள் அதை உடைத்துக் குப்பையில் போட்டார்கள் என்று கேள்வி. ரிஸ்வான் கல்யாணக் கார்ட் டிசைன் பண்ணப் போனான். நிரோஷாவுக்கு ஒருகொடவத்தையில் ஒரு கப்பல் கொள்கலன் யார்டில் வேலை. காலையிலிருந்து மாலைவரை, எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று டைப் பண்ணுகிற வேலை.

ஒரு தப்பும் செய்யாத இரண்டு பேர். நான் மட்டும் வாராவாரம் இங்கே ஜாலியாக எழுதிக்கொண்டிருந்தேன்.

நாம் ஏன் இப்படி இருக்கிறோம்? புத்தக வெளியீட்டுக்குப் போகிறோம், அட்டையைப் பார்த்துவிட்டு 'அருமையான படைப்பு' என்று மைக்கில் சொல்லுகிறோம். நாடகத்துக்கு இடைவேளைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டு 'தூள் கிளப்பிவிட்டீர்கள்' என்கிறோம். பிள்ளைகள் எதையாவது செய்து காட்டினால் போனைக் காதில் வைத்தபடி கட்டை விரலைத் தூக்குகிறோம். குறை சொல்வதற்காவது கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது, புகழ்வதற்கு அதுவும் தேவையில்லை. இதில் யாருக்கு என்ன நட்டம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். நிரோஷா என் கொம்பியூட்டரில் சீடியைப் போட்டாள். 'பெட்டி மேல் பெட்டி'. கொள்கலன் யார்டில் இருந்து இருந்து யோசித்த கேமாம். லொறி லொறியாகப் பெட்டிகள் வரும், இடம் கொஞ்சம், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். எதை முதலில் கேட்பார்கள் என்று சொல்ல மாட்டார்கள். கேட்பது எப்போதும் அடியில் இருப்பதைத்தான். ஊர் இல்லை, ரோட்டு இல்லை. பெட்டிகளை ரிஸ்வான் தீட்டியிருக்கிறான், ஒவ்வொன்றும் ஒரு நிறம், கல்யாணக் கார்ட் மாதிரி மின்னுகிறது.

"இப்ப வத்தளையில ஒரு ரூம் எடுத்திருக்கிறம்," என்றாள். "யார்டு வேலை முடிய ரெண்டு பேரும் அங்க போய் இருந்து கேம் செய்வம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னில கோபம் போயிட்டுதா பிள்ளை?"

அவள் திரையில் ஒரு பெட்டியைத் தூக்கி இன்னொன்றின் மேல் வைத்தாள்.

"பொலிஸ் பிடிச்சதுக்கு நான் உங்களோட கோவிக்கேல்ல அக்கா. உங்கள மாதிரி எத்தினை பேர் நல்லா இருக்கெண்டு சொன்னவை. ஆனா பெரிய ஆக்களில அந்தக் கேமைக் கடைசி வரைக்கும் விளையாடினது அந்த இன்ஸ்பெக்டர் மட்டும்தான்."

நம் வீட்டுப் பிள்ளை இரண்டு வருடம் உருகி உருகிச் செய்ததை, சந்தேகப்பட்டவர் ஒருவர்தான் ஒழுங்காக உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

போகும்போது சொன்னாள், "எழுதுறதெண்டா எழுதுங்கோ அக்கா. விளையாடிட்டு எழுதுங்கோ."

ஆறு நாளாக விளையாடுகிறேன். சமையல் தீய்ந்துபோனது, கழுத்துப் பிடித்துக்கொண்டது, வீட்டுக்காரர் கடையில் சாப்பிடுகிறார். மொத்தம் முப்பது கட்டம். பத்தொன்பது வரை வந்திருக்கிறேன், அதுவரைக்கும் நன்றாக இருக்கிறது.

இருபதாவது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது.