ரோஸ்லின் சிஸ்டரின் பயம்

செவ்வாய்க்கிழமை காலை ரோஸ்லின் சிஸ்டரின் கணவர் போன் செய்தார். "ரோஸி போயிட்டாம்மா. மூளையில ரத்தம் கசிஞ்சிருச்சுன்னு சேலம் கொண்டு போனோம். வழியிலயே..." முந்தின நாள் மதியம்தான் சிஸ்டர் பிரசவ வார்டை என்னிடம் ஒப்படைத்துவிட்டு ஏரியூர் பஸ் பிடிக்கப் போனார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, "அஞ்சாம் பெட்டு இன்னும் யூரின் போகலைங்க, மறந்துறாதீங்க" என்றார். சாயங்காலம் அளந்து பார்த்து, எல்லாம் சரி என்று சொல்ல அவரைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஏரியூரில் டவர் சரியாக இருக்காது என்று விட்டுவிட்டேன்.

பென்னாகரம் பக்கம் எங்கள் ஆஸ்பத்திரியில் அவரோடு வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும், அவர் பயந்த சுபாவம் என்று. கேலி செய்தவர்களில் நானும் உண்டு. பிரசவமான பெண்களின் சிறுநீர்ப்பையில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று காட்டும் சிறிய ஸ்கேன் கருவி வந்தபோது நாங்கள் மகிழ்ந்தோம். அவர் மட்டும் நம்பவில்லை. "பிரசவமான கர்ப்பப்பை பெருசா இருக்கும். இது எதை அளக்குதுன்னு நமக்கு எப்படிங்க தெரியும்?" சிறுநீரை வெளியேற்ற டியூப் போட வேண்டிய ஒவ்வொரு பெண்ணுக்கும் முதலில் கருவியில் அளந்தார்; பிறகு வெளியே வந்ததைக் குவளையில் ஊற்றி ஒப்பிட்டார். கணக்கு பெரும்பாலும் ஒத்துவந்த பிறகும், "ரெண்டு தடவ வெச்சுப் பாருங்க" என்பதை அவர் விடவில்லை.

வத்தல்மலையிலிருந்து பார்வதி என்ற பெண் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். நீண்ட வலிக்குப் பிறகு விடியற்காலையில் குழந்தை பிறந்தது. "நாலஞ்சு தடவ போயிட்டு வந்துட்டாளுங்க" என்று அவள் மாமியார் சொன்னார். சிறுநீர் கழித்தார் என்று நான் கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டேன். மதியம் டூட்டிக்கு வந்த ரோஸ்லின் சிஸ்டர் அவள் வயிற்றைத் தொட்டதும் முகம் மாறினார். கர்ப்பப்பை தொப்புளுக்கு மேலே ஏறி வலப்பக்கம் ஒதுங்கியிருந்தது. போர்வையை விலக்கினால் உதிரப்போக்கு அதிகம்.

"கொஞ்சங் கொஞ்சமாத்தான் போச்சா, கண்ணு?"

"ஆமாங்க. தையல் எரியுது, சொல்ல வெக்கமா இருந்துச்சு."

டாக்டரை அழைக்க ஓடினேன். திரும்பி வந்தபோது சிஸ்டர் கருவியை அடிவயிற்றில் வைத்திருந்தார். தொள்ளாயிரத்து நாற்பது மில்லி. மறுபடி வைத்தார், ஏறக்குறைய அதே எண். சிறுநீர்ப்பை தளும்பி, வழிந்ததைத்தான் அவள் 'போனதாக' நாங்கள் எண்ணியிருக்கிறோம். நிறைந்த பை தள்ளியதில் கர்ப்பப்பை சுருங்க முடியாமல்தான் உதிரம் நிற்கவில்லை. டியூப் போட்டார்கள். டாக்டர் ஊசிமருந்து கொடுத்தார். சிறுநீர் வடிய வடிய, சிஸ்டர் கர்ப்பப்பையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அது கீழே இறங்கிக் கல்போல இறுகும்வரை கையை எடுக்கவில்லை. உதிரம் மட்டுப்பட்டது. சில நாளில் பார்வதி குழந்தையோடு வீடு போனாள்.

அன்று உடை மாற்றும் அறையில் அழுதேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நானும் ஒருக்கா இப்படி எழுதியிருக்கேன். அந்தப் பொண்ணு ரெண்டு மாசம் டியூபோட இருந்துச்சு. அப்ப வந்த பயந்தான் இது." பிறகு கேஸ் ஷீட்டை என் மடியில் வைத்தார். "நடந்ததை நடந்தபடி எழுதுங்க. டாக்டர் திட்டுனா நானும் கூட நிக்கறேன்." எழுதினேன். டாக்டர் திட்டினார். சிஸ்டரும் நின்றார்.

இந்த அஞ்சலிக் கூட்டத்தில் அவரைப் பற்றி நீங்கள் ஒவ்வொருவரும் ஒன்று சொல்வீர்கள். நான் வைத்துக்கொள்வது, நாம் கேலி செய்த அந்தப் பயத்தை. அது சுகமானதல்ல, வீட்டுக்குப் போனாலும் கூடவே வருகிறது. நேற்று ஒரு பெண், "போயிட்டேங்க சிஸ்டர்" என்றாள். எழுதப் போன கை நின்றுவிட்டது. பேனாவை மூடிவிட்டு, ஸ்கேன் கருவியை எடுத்துப் போய், அவள் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தேன்.