மூன்றாவது ஓலை

செசிலியாவின் பார்லரில் புருவம் எடுக்க உட்காருகிறவர்கள் அழகிப் போட்டியின் வரலாற்றையும் சேர்த்துக் கேட்டுத்தான் ஆக வேண்டும். நூல் நெற்றியில் ஓடிக்கொண்டிருக்கும்போது யாரால் எழுந்து போக முடியும்? நெய்வேலி பஜார் மாடியில் அந்த ஒற்றை அறையை அவள் பல வருடமாக நடத்துகிறாள்.

"மொதல்ல எல்லாம் பெரிய ஊரு ஓட்டல்ல, வசதியான வூட்டுப் பொண்ணுங்க நடந்துகினு இருந்த சமாச்சாரங்க இது" என்று ஆரம்பிப்பாள். துணிக் கம்பெனிக்காரர்கள் நுழைந்தது, பத்திரிகைக்காரர்கள் நுழைந்தது, தொண்ணூற்று நாலில் இரண்டு பெண்கள் உலகப் பட்டங்களைத் தட்டிக்கொண்டு வந்ததும் நாடே பித்துப் பிடித்து அலைந்தது, தெருவுக்குத் தெரு பார்லர் முளைத்தது எல்லாம் வரிசையாக வரும். தொண்ணூற்று ஐந்தை மட்டும் தாண்டிவிடுவாள்.

அந்த வருடம்தான் அவளுக்குச் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. கல்லூரித் தோழியின் அண்ணன் எடுத்த போட்டோவைச் சும்மா அனுப்பி வைத்திருந்தாள். மாநிலச் சுற்றுக்குத் தேர்வாகிவிட்டாள். அப்பா லூர்துசாமி நிலக்கரி மைன்ஸில் பர்மனென்ட். கெட்டிக்கார மனுஷன், கத்தவும் இல்லை, கை ஓங்கவும் இல்லை. கூட வேலை பார்த்தவரின் மகன் சைமன்ராஜைப் பேசி முடித்து, அடுத்த ஞாயிறே மாதா கோயிலில் ஓலை வாசிக்க வைத்துவிட்டார். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் அறிவித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்பார். அதுதான் ஓலை.

போட்டியோ மணமாகாத பெண்களுக்கு மட்டும்.

"ஓலை வாசிச்சாச்சு. இனிமே கல்யாணம் ஆகாத பொண்ணுன்னு அங்க போயி நின்னா, அது பொய்சாட்சி" என்றார் அப்பா.

பத்துக் கட்டளையைத் தூக்கத்திலும் ஒப்பிக்கிற பெண் அவள். நம்பினாள். பஸ் ஏறவில்லை. வெகுகாலம் கழித்து வக்கீல் சண்முகப்பிரியா நாற்காலியில் சாய்ந்தபடி இதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். "சாமியார் தாலிய மந்திரிச்சுக் கட்ட வைக்கிற வரைக்கும் நீங்க கல்யாணம் ஆகாத பொண்ணுதாங்க அக்கா. தாராளமா போயிருக்கலாம்." வக்கீலம்மாவின் இடது புருவம் அன்று சற்று மெலிந்துதான் போயிற்று. செசிலியாவுக்கு அப்பாவின் மேல் அப்படியொரு ஆத்திரம். சண்டை போட அவர்தான் உயிரோடு இல்லை.

இதற்கிடையில் போட்டி நடத்துகிறவர்கள் விதிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திக்கொண்டே வந்தார்கள். கல்யாணமானவர்கள் வரலாம் என்றார்கள். பிள்ளை பெற்றவர்கள் வரலாம் என்றார்கள். கடைசியில் வயசு வரம்பையும் எடுத்துவிட்டார்கள். நாற்பத்தொன்பது வயது செசிலியா பார்லர் கண்ணாடி முன்னால் நடந்து, போனில் படம் பிடித்து அனுப்பினாள். அழைப்பு வந்தது. மேடைக்கென்று அரக்கு நிறத்தில் ஒரு பட்டும் எடுத்துவிட்டாள்.

சைமன்ராஜ் முகம் சுளிப்பார் என்று நினைத்தாள். "போயிட்டு வாயேன். எனக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்டுதான், நானே ஆக்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மனுஷன் சட்டையில் படிந்த கரியைத் தட்டப் போய்விட்டார். அவளுக்கு நெஞ்சு பொங்கியது.

தடுத்தது கல்யாணம் நிச்சயமாகியிருந்த மகள் எவாஞ்சலின். தானே பார்த்துப் பிடித்த மாப்பிள்ளை. இரண்டு ஓலை முடிந்திருந்தது.

"மூணாவது ஓலைக்கு அவங்க வூட்லேருந்து எல்லாரும் இங்க பூசைக்கு வர்றாங்கம்மா. அதே ஞாயித்துக்கெழமதான் உன் போட்டியும். அம்மா எங்கன்னு கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?"

"போட்டிக்குப் போயிருக்காங்கன்னு சொல்லேன்."

"அவங்க ஒரு மாதிரிம்மா." மகள் வந்து அவள் தோளில் முகம் வைத்துக்கொண்டாள். "அடுத்த வருசம் போயேன். இப்பத்தான் வயசே கெடையாதுன்னுட்டாங்களே."

விதி இருந்த காலத்தில் விதி கட்டிப்போட்டது. இப்போது விதி இல்லாததையே கயிறாக்கிவிட்டாள் பெண். அடுத்த வருடம் பேறுகாலம் வரும், அதற்கடுத்த வருடம் கைக்குழந்தை வரும். அதெல்லாம் செசிலியாவுக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. ஆனாலும் தோளில் கிடந்த தலையைத் தள்ளிவிட அவளால் முடியவில்லை. சரி என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். வேறெங்கே கட்டுவது? சாமியார் ஓலை வாசித்தார். "தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்." சென்னையில் இந்நேரம் பெயர் கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்தாள். மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பாவை வெறுத்தது எவ்வளவு சுலபமாக இருந்தது என்று அவளுக்கு அழுகை வந்தது.

பூசை முடிந்ததும் வாசலில் சம்பந்தியம்மா முந்தானையைத் தொட்டுப் பார்த்தார்.

"எடுப்பா இருக்குதுங்க. ஓலைக்குன்னே எடுத்தீங்களா?"

மகள் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க" என்றாள் செசிலியா. பொய்சாட்சிக்குப் பயந்து பஸ் ஏறாமல் நின்றவள், கோயில் வாசலிலேயே அதைச் சொல்லிவிட்டு, எல்லாரையும் சாப்பிட வீட்டுக்கு அழைத்துப் போனாள்.