சம்பந்தி அக்காவின் கைக்குட்டை

போனை எடுப்பதற்கு முன் கைக்குட்டையை உதறிக் கணினித் திரையின் மேல் போட்டு மூடிவிடுவார். "அந்த நம்பரைப் பார்த்துக்கிட்டே பேசினா என் குரல்லயே விலை ஏறிடும்" என்பார். சிறிய சுத்திகரிப்பு ஆலை ஒன்றுக்குக் கச்சா எண்ணெய் வாங்கித் தருவது அவர் வேலை.

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் சம்பந்தி அக்கா. திரையில் ஓடுவது முன்பேர விலை. வரும் மாதச் சரக்குக்கு இன்றே பேசுவது. துறைமுகத்தில் கப்பலோடு நிற்கும் சரக்குக்கு உடனடி விலை. எது எதை இழுக்கிறது என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "ரெண்டும் சம்பந்திங்க. இவர் முகத்தைப் பார்த்து அவர் பேசுவார், அவர் முகத்தைப் பார்த்து இவர் பேசுவார். கோவிச்சுக்கிட்டாலும் ரொம்ப தூரம் போக முடியாது." சொல்லிவிட்டுத் தானே முதலில் சிரிப்பார்.

அந்த வாரம் சிரிப்பு இல்லை. எங்கோ எண்ணெய்க் குழாய் வெடித்ததாகச் செய்தி வர, முன்பேர விலை தலைகால் தெரியாமல் ஏறியது. அதைக் காட்டியே விற்பவரும் கப்பல் சரக்கின் விலையை உயர்த்தினார். அந்த விலைக்கு வாங்கினால் ஆலை தாங்காது. வாங்காவிட்டாலோ, "தொட்டியில அடி தெரியுது. உலை அணைஞ்சா எங்க எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க" என்றார் அக்காவின் வீட்டுக்காரர். அவருக்கு அதே ஆலையில்தான் உலையைக் கவனிக்கும் வேலை. மேலாளர் வேறு குட்டி போட்ட பூனை மாதிரி மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டும் தன் பெரியப்பா மகனுக்கு அக்கா போன் போட்டார். "கப்பல் நிக்குதா அண்ணே?"

"நிக்க இடமில்லாம நிக்குது. கரையிலயும் எல்லாத் தொட்டியும் ரொம்பிக் கிடக்கு."

சரக்கு இப்படித் தேங்கிக் கிடக்கையில் விலை எத்தனை நாள் விறைத்துக்கொண்டு நிற்கும்? அக்கா காத்திருந்தார். அடி தெரியும் தொட்டியை வைத்துக்கொண்டு காத்திருக்கும் தைரியம் ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் வரும்.

கடைசியில் விற்பவரே கூப்பிட்டார். கப்பல் சும்மா நின்றாலும் வாடகை ஓடுமே. "நீங்க சொல்றது ஸ்கிரீன் விலைங்க. நான் கேக்கிறது கப்பல் விலை" என்றார் அக்கா, மூடிய திரைக்கு முன்னால் உட்கார்ந்து. விற்பவர் விலையில் இறங்கி வந்தார்.

இதுபோல் வேறு துறைமுகங்களிலும் சரக்கு மலிவாகக் கைமாறிய செய்தி பரவ, சாயங்காலத்துக்குள் முன்பேர விலையும் சரிந்தது. மேலாளர் ஓடி வந்தார். "மேடம், ஸ்கிரீனைப் பாருங்க."

அக்கா வீட்டுக்காரருக்குப் போன் செய்து, "உலை எரியட்டும்" என்று மட்டும் சொன்னார். பிறகு திரையிலிருந்து கைக்குட்டையை உருவி, விலையைப் பார்க்காமலே, வியர்வையில் நனைந்திருந்த உள்ளங்கைகளைத் துடைத்துக்கொண்டார்.