பச்சைக்கடைக்காரர்

இரண்டாம் உலக யுத்த காலத்தில் காத்தான்குடியில் ஒரு துணிக்கடைக்காரரைச் சந்தித்தேன். மெலிந்த மனிதர். பேசும்போதே தோள் சால்வையின் நுனியால் அலுமாரிகளைத் துடைத்துக்கொண்டிருப்பார். கடையின் உட்புறத்தில் சுவர், அலுமாரி, திரைச்சீலை எல்லாமே வாழைக்குருத்துப் பச்சை. வாவிக்கு அக்கரைச் சனங்கள் 'பச்சைக்கடை' என்றே கேட்டு வருவார்கள்.

பட்டாளத்துக்குக் கடை வேண்டும் என்ற உத்தரவை, அரசாங்கக் கச்சேரி எழுத்தராக நான்தான் கொண்டுபோனேன்.

"கடையை எடுங்க தம்பி. வெள்ளை மட்டும் அடிக்க வேணாமெண்டு சொல்லுங்க. என்ட பேர் ஆருக்கும் தெரியா. பச்சை போனா மறுகா சனம் என்னத்தைத் தேடி வரும்?"

கச்சேரித் துரையிடம் கேட்டேன். அவர் தலையை நிமிர்த்தவேயில்லை.

அடுத்த கிழமை வெள்ளையடித்தார்கள். கடைக்காரர் தெருவில் நின்று பார்த்தார். என்னைக் கண்டதும், "நீங்க கேட்டிருப்பீங்க, எனக்குத் தெரியும்" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.