சிவப்புப் போர்வைக்காரனின் காற்று

சொந்தப் பாவனைக்காக வெளிநாட்டிலிருந்து தபாலில் வரும் ஒற்றைப் பட இறுவட்டு பதினான்கு நாட்களுக்குள் பரிசோதித்து விடுவிக்கப்பட வேண்டும். தடுத்து வைப்பதானால் காரணத்தை உரியவருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். விதி இவ்வளவுதான். இப்படியான வாக்கியங்களோடு முப்பது வருடத்துக்கு மேல் அரச அலுவலகத்தில் குடித்தனம் நடத்தியவன் நான். 'வேண்டும்' என்று முடியும் வாக்கியத்துக்காக எவரும் நாற்காலியை விட்டு எழும்புவதில்லை என்பது எனக்குத் தெரியும்.

அந்த இறுவட்டில் இருந்தது, சிவப்புப் போர்வையோடு வானத்தில் பறக்கும் வீரனின் பழைய ஆங்கிலப் படம். என்னிடம் அது ஏற்கனவே ஆறு வடிவங்களில் இருந்தது. பூஞ்சணம் பிடித்த கசெட், பாதியில் நின்றுவிடும் வீசீடி, பிறகு நான்கு டிவிடிகள்: வெறுமனே வந்தது, நிறம் துலக்கியது, நீளம் கூட்டியது, தகரப் பெட்டியில் வந்தது. டிவிடிப் பெட்டி ஒவ்வொன்றிலும் ஒலியைப் புதுப்பித்திருப்பதாகப் பெருமையடித்திருந்தார்கள். அதுதான் தொல்லை. பழைய சத்தங்களை எடுத்துவிட்டுப் புதிதாகச் செய்த இரைச்சலை ஏற்றியிருந்தார்கள்.

அதைக் கண்டுபிடித்தது என் மனைவி. கலியாணமான புதிதில் எனக்கு வவுணதீவில் வேலை. வீடியோ டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேட்டரை வளவின் கோடியில் ஓடவிட்டு அந்தக் கசெட்டைப் பார்த்தோம். வீரன் தன் காதலியைத் தூக்கிக்கொண்டு பறக்கும்போது வரும் காற்று இவள் காதில் தங்கிவிட்டது. முதல் டிவிடியைப் போட்ட அன்றே சொல்லிவிட்டாள்.

"இது அந்தக் காத்தில்ல. மில்லுல நெல்லுக் குத்துற சத்தம்."

அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு வெளியீடாக வாங்கத் தொடங்கினேன். அன்றைக்குக் கேட்டதில் எவ்வளவு கசெட்டின் காற்று, எவ்வளவு வீட்டுக்குப் பின்னாலிருந்த வயல் வட்டையில் நெற்கதிரை அலைத்த காற்று என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அவளிடம் அதைச் சொன்னதுமில்லை.

போன வருடம் அவளுக்கு ஒரு காது முழுதாகப் போயிற்று. மற்றதும் போய்க்கொண்டிருப்பதாக டொக்டர் சொன்னார். கருவி வைத்தால் பேச்சு ஓரளவு விளங்கும், மெல்லிய சத்தங்களைத்தான் மீட்க முடியாது என்றார். அந்த நேரத்தில், கனடாவிலிருக்கும் என் தம்பி, பழைய ஒலியையும் சேர்த்து ஒரு வெளியீடு வந்திருப்பதாகக் கண்டு வாங்கி அனுப்பினான். பொதி கொழும்புக்கு வந்து சேர்ந்தது. அங்கேயே குடியிருந்தும் விட்டது.

பதினைந்தாம் நாள் சுங்கத்துக்குக் கடிதம் எழுதினேன். பிறகு நினைவூட்டல், பிறகு மேலதிகாரிக்குப் பிரதியோடு இன்னொரு நினைவூட்டல். கடைசியில் தொலைபேசியில் ஓர் உத்தியோகத்தர் அகப்பட்டார். நல்ல தமிழ், நல்ல மரியாதை. என் பெயருக்கு ஒரே படம் பல தரம் வந்திருப்பதால், வியாபாரத்துக்கா என்று மேலிடத்தில் யோசிக்கிறார்களாம்.

"எத்தினையாவது ஐயா இது?"

"ஏழாவது."

"இன்னும் பாத்து முடியல்லையா?"

வியாபாரியாக இருந்தால் ஏழு வெவ்வேறு படங்களை அல்லவா எடுப்பித்திருப்பேன் என்று கேட்டேன். அது நியாயம்தான், அதையும் எழுத்தில் தாருங்கள் என்றார். தந்தேன்.

அந்த மாதங்களில் எங்கள் வீட்டு டிவியின் சத்தம் மெல்ல மெல்ல ஏறி, பக்கத்து வீட்டார் தங்கள் டிவியைப் போடாமலே செய்தி கேட்கும் நிலை வந்தது. நான் நான்காவது நினைவூட்டலை எழுதிக்கொண்டிருந்தபோது அவள் எட்டிப் பார்த்தாள்.

"ஏன் பேனையோட மல்லுக்கட்டுறீங்க? அவசரம் என்ட காதுக்குத்தானே. அவங்கட காது நல்லாத்தான் இருக்கு."

பதில் வந்த அன்று அவள் குசினி வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் தபால்காரரின் மோட்டார் சைக்கிள் சந்தி திரும்பும்போதே எனக்குச் சொல்பவள் அவள்தான். அன்று அவர் கேற்றடியில் நின்று மூன்று தரம் ஹோர்ன் அடித்தார். நான் முற்றத்திலிருந்து கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. கிட்டப் போய்க் கடிதத்தை முகத்துக்கு நேரே பிடித்தேன். பொதி விடுவிக்கப்பட்டுள்ளது, உரியவர் நேரில் வந்து பெற்றுக்கொள்ளலாம். அவள் கையைத் துடைத்துவிட்டு என் உதடுகளைப் பார்த்தாள்.

"காத்து வந்திட்டா?"

ஓம் என்று தலையாட்டினேன். கொழும்பில் கந்தோர்களெல்லாம் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும் நாள் அது: சித்திரை வருடப்பிறப்பு விடுமுறைக்கு முந்தின நாள்.